சம்பந்திக்கு ஏத்த கார்

ஏனுங்க தம்பி, தமிழுங்களா? நெனச்சேன். போன்ல "வெச்சிடறேம்மா"ன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. உட்காருங்க, உட்காருங்க. அந்தப் பெட்டியை மட்டும் கொஞ்சம் தள்ளிக்கங்க. கால் படாமத் தள்ளுங்க, அது சம்பந்தி பெட்டி.

வாடகைக் காரு எடுக்க வந்தீங்களா? கழுவிட்டு இருக்காங்கன்னு சொன்னாங்களா? அப்ப நேரமாகுங்க. இங்க நல்லாக் கழுவுவாங்க. உள்ளாற கூடக் குனிஞ்சு குனிஞ்சு தொடைப்பாங்க. முந்தாநாள்ல இருந்து இந்தப் பெஞ்சுலயே உட்கார்ந்து பார்த்துட்டு இருக்கறனுங்களே, எனக்குத் தெரியாதா?

முந்தாநாளான்னு முழிக்கிறீங்க. ஆமாங்க. நாங்களும் காரு எடுக்கத்தான் வந்தோம். இன்னும் முடிவாகலை.

எம்பேரு சென்னியப்பனுங்க. கோபிச்செட்டிபாளையம். பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடற கடை. கோபியில எந்தக் கல்யாணத்துல சாம்பார் கொதிச்சாலும் அது நம்ம அண்டாவாத்தான் இருக்கும். அதனால வாடகைன்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்க வந்த அன்னைக்கு அவங்க காட்டுன காரு கதவை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். அண்டாவுல பொத்தல் இருந்தா தட்டுற சத்தத்துலயே சொல்லிருவனுங்க. கவுண்டர்ல இருக்கற அந்தப் புள்ளை, அந்தா சிவப்புச் சட்டை போட்டுட்டு நிக்குதே, அது என்ன நெனச்சுதோ, அதுவும் வந்து ஒரு தட்டு தட்டிப் பார்த்துச்சு. நல்ல புள்ளைங்க. மொத நாளு நல்லாச் சிரிச்சுது. நேத்தும் சிரிச்சுது. இன்னைக்கு உடம்பு சரியில்லையாட்ட இருக்குது.

எம் பொண்ணு தாரணியும் மாப்பிள்ளை கவினும் ஆக்லாந்துல வேலை பார்க்கறாங்க. எங்க நாலு பேரையும் ஒட்டுக்கா கூப்பிட்டு விட்டாங்க. நானு, எங்க வீட்டம்மா மயிலாத்தா, சம்பந்தி நாச்சிமுத்து, சம்பந்தியம்மா ருக்மணி. பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு இல்லை. "நீங்க நாலு பேரும் தெக்க இருக்கற தீவுக்குப் போயி, ஒரு காரை எடுத்துட்டு மலை, ஏரியெல்லாம் பார்த்துட்டு வாங்க"ன்னு டிக்கெட்டுப் போட்டு ஏத்தி விட்டுட்டாங்க. ஏரோப்ளேன் ஏறப்போறப்ப எம் பொண்ணு என் கையைப் புடிச்சுட்டு ஒண்ணு சொன்னா.

"அப்பா, மாமாவும் நீங்களும் மனசு விட்டுப் பேசிட்டு வரணும். அதுக்குத்தான் இந்த டூரே. பேசாம வந்தீங்கன்னா ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

விளையாட்டாச் சொன்ன மாதிரி சொன்னா. ஆனா கண்ணுல தண்ணி இருந்துச்சுங்க. பின்ன இருக்காதா? ஒரு வீட்ல மாமனாரும் அப்பனும் மூஞ்சி கொடுத்துப் பேசறதில்லைன்னா நடுவுல கெடந்து அல்லாடறது யாரு? அவதானே.

விசயம் என்னன்னா, கல்யாணத்துல ஒரு காரு சமாச்சாரம் ஆகிப்போச்சு. மாப்பிள்ளை அழைப்புக்குப் பெரிய காரு சொல்லியிருந்தேன். பழைய காலத்து திறந்த வண்டி. பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபத்துக்கு ஜம்முனு வர்றதுக்கு. அது அந்தியூர் ரோட்ல நின்னு போச்சு. நல்ல நேரம் முடியப் போகுது. கையில கெடச்ச ஒரு சின்னக் காருக்குப் பூவைச் சுத்தி அனுப்பிட்டேன். மாப்பிள்ளை பின்னாடி, மாப்பிள்ளைத் தோழன் பின்னாடி, முன்னாடி போட்டோக்காரன். சம்பந்திக்கு எடம்? ரெண்டு பசங்களுக்கும் நடுவுல. அதோட விட்டுதா? சீர்த்தட்டு வைக்க எடமில்லைன்னு யாரோ ஒரு புண்ணியவான் பலாப்பழத் தட்டைத் தூக்கி அவரு மடியில வச்சுட்டான். கல்யாண ஆல்பத்துல பாருங்க, பலாப்பழம் தெரியும், பழத்துக்கு மேல அவரு தலைப்பாகை தெரியும். மூஞ்சி தெரியாது.

மாப்பிள்ளையைப் பெத்தவரை முன் சீட்டுல உட்கார வைக்காம பலாப்பழத்துக்குப் பின்னால உட்கார வச்சா எப்படி இருக்கும்? அன்னைக்கிருந்து நாலு வருசமா என்னைப் பார்த்தா "வாங்க"ம்பாரு. கெளம்பறப்ப "சரிங்க"ம்பாரு. அவ்வளவுதான். நடுவுல ஒரு வார்த்தை கிடையாது.

இப்ப பாருங்க, இங்க வந்து எறங்குனா, எம் பொண்ணு எங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கறது என்ன காரு? சின்னக் காரு. பச்சைக் கலர்ல, கொய்யாக்காயாட்டம். அதைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துப் போச்சுங்க. அந்தக் குளுர்ல வேர்த்துது.

சரின்னு மனசைத் தேத்திட்டு, முன் கதவைத் தொறந்து, "சம்பந்தி, நீங்க முன்னாடி உட்காருங்க, நான் ஓட்டறேன்"ன்னேன். அவரு ரெண்டடி பின்னால போனாரு. "ஐயோ, பொண்ணு குடுத்தவங்க நீங்க. உங்களை டிரைவரா வச்சுட்டு நான் சொகுசா உட்கார்றதுங்களா? நான் ஓட்டறேன், நீங்க உட்காருங்க"ன்னாரு. அதெப்படிங்க? மாப்பிள்ளையைப் பெத்தவரை வண்டி ஓட்ட விட்டுட்டு நான் பக்கத்துல உட்கார்ந்து வந்தேன்னு கோபியில தெரிஞ்சா, எவனாவது நம்ம கடையில ஒரு கரண்டியாவது எடுப்பானா? நான் மாட்டேன்னேன். அவரு மாட்டேன்னாரு. முன்னாடி வேண்டாம் பின்னாடி உட்கார்ந்துக்கறேங்கறாரு. பின்னாடி உட்கார்ந்தா மறுக்கா பலாப்பழக் கதையாயிருமே. நீங்க உட்காருங்க, இல்லீங்க நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க, இல்லீங்க நீங்க உட்காருங்க. கதவு தொறந்தபடியே நின்னுச்சு. உள்ள இருந்து என்னமோ ஒண்ணு கிய்யின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு.

மயிலாத்தா அப்பவே, "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா"ன்னா. நீ சும்மா இரு, இது மரியாதைச் சமாச்சாரம்னுட்டேன்.

அந்தக் கவுண்டர் புள்ளை வந்து, யாரு ஓட்டறது, அவங்க லைசென்ஸை எழுதணும்னு கேட்டுச்சு. நானும் சம்பந்தியும் ஆகாசத்தைப் பார்த்துட்டு நிக்கறோம். யாரு முதல்ல நீட்டுனாலும் இன்னொருத்தருக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொன்ன மாதிரி ஆயிரும், இல்லீங்களா? அந்தப் புள்ளை சங்கடப்படுதேன்னு மயிலாத்தா தன்னோட லைசென்ஸை எடுத்து மேசை மேல வச்சா. ஒரு பேருக்குத்தாங்க. அவளும் ஓட்டுவா. முகூர்த்த மாசத்துல நம்மகிட்ட எந்த டிரைவரும் நிக்க மாட்டான். அவதான் குட்டியானை வண்டியில அண்டா, குண்டா, சேரு எல்லாத்தையும் ஏத்தி மண்டபம் மண்டபமாக் கொண்டு போயி எறக்குவா. பவானி, சத்தி, திம்பம் மலைப் பாதையில கூட ஓட்டியிருக்கறா. ஆனா அது கடை வண்டி பாருங்க. டூர்னா வேற.

இந்த வண்டிக்குக் கியரே இல்லைன்னு அந்தப் புள்ளை காட்டுச்சு. அப்ப இது ஸ்கூட்டி மாதிரிதானேன்னா மயிலாத்தா. பாவம், விவரம் பத்தாது.

அப்பறம் வேற காரு கேட்டனுங்க. ஏழு பேரு உட்கார்ற வண்டி ஒண்ணு கொண்டாந்து நிறுத்துனாங்க. சம்பந்தி அதை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. "இவ்வளவு பெருசு எனக்காகவாங்க"ன்னு கேட்டாரு. சாதாரணமாத்தான் கேட்டாரு. ஆனா அவரு கொஞ்சம் உடம்புக்காரருங்க. எனக்காகவான்னா என்ன அர்த்தம்? என்னைக் குண்டன்னு சொல்றயான்னு அர்த்தம். எனக்கா புரியாது? உடனே வண்டியைத் திருப்பி அனுப்பிட்டேன்.

அடுத்து ரெண்டு சின்னக் காரா எடுத்துக்கலாம், அவங்க ஒண்ணு நாங்க ஒண்ணுன்னு யோசனை பண்ணுனேன். ஆனா யாரு முன்னாடி போறது? அவரு முன்னாடி போனா எனக்கு வழிகாட்டி வேலை பார்க்கற மாதிரி. பின்னாடி வந்தா என்னோட வண்டிப் புகையை அவரு குடிச்சுட்டே வரணும். ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுக்காப் போலாமான்னு அந்தப் புள்ளைகிட்ட கையில ஜாடை காட்டிக் கேட்டேன். அது என் கையவே பார்த்துச்சு. அப்படிப் போனா எதுக்கால வர்றவங்க எங்க போவாங்கன்னு கேட்டுச்சு. அதுவும் நியாயந்தான்.

இதுல எலுமிச்சம்பழத் தொல்லை வேற. ஒவ்வொரு வண்டி வந்து நிக்கறப்பவும் நாலு சக்கரத்துக்கும் பழம் வைக்கணுமே. வண்டி மாறுனா பழமும் மாத்தணும். பக்கத்துக் கடையில எலுமிச்சம்பழமே தீர்ந்து போச்சுங்க. இன்னைக்குக் காலையில போனா, கடைக்காரரு என்னைப் பார்த்ததும் கையை விரிச்சுட்டாரு.

எங்க வீட்டம்மாவுக்கு ஒரே ஆசைங்க இந்த ஊருக்கு வர்றப்ப. பனியைக் கையில அள்ளி, டம்ளர்ல போட்டு, மேல நன்னாரி ஊத்திக் குடிக்கணும்னு. சிரிக்காதீங்க. சின்ன வயசுல கோபி தேர்த் திருவிழாக் கடையில ஐஸைச் சீவி நன்னாரி ஊத்தித் தருவாங்க. கடவுள் சீவுன ஐஸு மலை மேலயே கெடக்குதாம், அதுல ஒரு வாய் குடிச்சுப் பார்க்கணும்னு டிவியில பனியைக் காட்டறப்பல்லாம் சொல்லுவா. கல்யாணமான புதுசுல இருந்து சொல்றா. இங்க ஏர்ப்போர்ட்ல எங்க வெல்லத்தைப் புடுங்கிட்டாங்க, கறிவேப்பிலையைப் புடுங்கிட்டாங்க. நன்னாரி பாட்டிலை மட்டும் மருந்துன்னு நெனச்சோ என்னமோ விட்டுட்டாங்க. மொத நாள்ல இருந்து அந்தப் பாட்டிலை மடியில வச்சுட்டே உட்கார்ந்திருந்தா. பனி எங்க ஓடிப் போகுது, மொதல்ல காரு முடிவாகட்டும்னேன். சரிங்கன்னா.

அவளும் சம்பந்தியம்மாவும் அந்தா அந்தச் செவுத்தோரமாப் பெட்டி மேல உட்கார்ந்து முறுக்கு தின்னுட்டே எங்களைப் பார்த்துட்டு இருப்பாங்க. என்ன பேசுவாங்களோ தெரியாது, குசுகுசுன்னு பேசிட்டு, எங்களைப் பார்த்துட்டு, மறுக்கா பேசுவாங்க. நேத்து மறுபடியும் வந்து, "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா"ன்னா. சும்மா இருன்னேன்.

நேத்துச் சாயங்காலம் சம்பந்தி ஒரு யோசனை சொன்னாரு. நாம ரெண்டு பேரும் பின்னாடி உட்கார்ந்துக்குவோம், அப்ப யாருக்கும் ஏத்தமில்லை எறக்கமில்லைன்னாரு. எனக்கு அது ரொம்பப் புடிச்சுது. ரெண்டு பேரும் பச்சைக் காருக்குள்ள பின்னாடி ஏறி உட்கார்ந்தோம். இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் நானு. கொஞ்ச நேரம் கழிச்சு எடம் மாத்திக்கிட்டோம். உட்கார்ந்தா நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிதான் நகரலை. இந்தக் கம்பெனியில டிரைவர் தர்றதில்லையாம்.

சரி, வந்தது வந்தோம்னு அப்படியே உட்கார்ந்துட்டோம். வெளிய மழை தூறுது. கண்ணாடியை ஏத்திட்டு, முறுக்குப் பையைப் பிரிச்சு நடுவுல வச்சுட்டு, பேசிட்டு இருந்தோம். அரிசி மில்லு நடத்தறாருங்க அவரு. தவிட்டு வெலை பேசினாரு. கவின் சின்னப் புள்ளையில நெல்லுக் குவியலுக்குள்ள போயித் தூங்கிட்டு ஊரே தேடுன கதையைச் சொன்னாரு. அவரைப் பெத்த அய்யன் சாவுக்குப் போய்ச் சேர முடியாமப் போனதைச் சொல்லிக் கண்ணைத் தொடைச்சாரு. நானும் எங்கண்ணன் பாகம் பிரிச்சுட்டுப் போனதைச் சொன்னேன். வீட்டம்மாகிட்டக் கூட அத்தனை வெவரமாச் சொன்னதில்லை. நல்லா இருட்டிப்போயி அந்தப் புள்ளை வந்து கண்ணாடியைத் தட்டற வரைக்கும் பேசிட்டு இருந்தோம்.

அப்ப எறங்கறப்ப அவரு ஒண்ணு சொன்னாருங்க.

"சம்பந்தி, அன்னைக்குக் காருல என் மடியில வச்சாங்களே ஒரு பலாப்பழம். என்னா வாசம்ங்க அது. மண்டபம் வர்ற வரைக்கும் மூக்குக்கு நேரா வச்சுட்டு வந்தேன். கடைசியில ஒரு சுளை கூட எனக்கு யாரும் தரலைங்க."

அவ்வளவுதான் சொன்னாரு. சொல்லிட்டு வேட்டியை உதறிட்டு எறங்கிட்டாரு.

எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரலைங்க. பாருங்க தம்பி, எத்தனை பெரிய மனுசன். முன் சீட்டு கெடைக்கலைன்னு ஒரு வார்த்தை வாயில வரலை. பழம், சுளைன்னு பேச்சை மாத்திட்டாரு. அப்ப அந்தச் சீட்டு மனசுக்குள்ள எத்தனை ஆழத்துல கெடக்கும்? சுளைக்காகவா ஒருத்தரு நாலு வருசம் பேசாம இருப்பாரு? அதனாலதான் காலையில எந்திரிச்சதும் முடிவு பண்ணுனேன், இந்தக் காரு விசயத்துல இனி ஒரு மயிரிழை கூடத் தப்பு நடக்கக் கூடாதுன்னு.

எம் பொண்ணுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் வெசனமா இருக்குதுங்க. பேசிட்டு வாங்கன்னு அனுப்புனா. நாளைக்கழிச்சுத் திரும்பணும். காரே கெளம்பலை, இதுல எங்க பேசறது?

காலையில நானும் அவரும் கூரை தொறக்கற காரு ஒண்ணு பார்த்துட்டு இருந்தோம். அப்ப மயிலாத்தா வந்தா. இந்த வாட்டி எதுவும் சொல்லட்டுங்களான்னு கேட்கலை. "பச்சைக் காருல ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றோமுங்க"ன்னா. பொம்பளைங்களுக்குள்ள முன் சீட்டு, பின் சீட்டுன்னு மரியாதைச் சிக்கல் எதுவும் இல்லை பாருங்க, சரி, பிரேக்கெல்லாம் எப்படின்னு பார்த்துட்டு வரட்டும்னு நானும் தலையை ஆட்டிட்டேன். சம்பந்தியம்மா அதுக்குள்ள ஏறி பெல்ட்டுப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தாங்க. எப்ப ஏறுனாங்கன்னே தெரியலை.

மத்தியானம் ஆகிப்போச்சு. இன்னும் ரவுண்டு முடியலை. இன்னைக்கு வெள்ளிக்கிழமை வேற, மேற்க சூலம். மலையெல்லாம் மேற்கதான் இருக்குதாம். அந்தப் பக்கம் போகணும்னா வாயில கொஞ்சம் வெல்லம் போட்டுட்டுத்தான் போகணும், அதைத்தான் ஏர்ப்போர்ட்ல புடுங்கிட்டாங்களே. ஆனா மயிலாத்தா போனது ரவுண்டுதானுங்க. ரவுண்டுக்கு ஏது திசை.

இருங்க, போட்டோ ஒண்ணு வந்துச்சு, காட்டறேன். இந்தா பாருங்க. பச்சைக் காரு. சுத்தியும் வெள்ளையா இருக்குது பாருங்க, பனியாட்டம் இருக்குது. எங்கியோ பக்கத்துலதான் கெடக்கும். கையில டம்ளரு, நம்ம கடை டம்ளருதான், பெருசு பண்ணுனா சென்னியப்பன்னு பேரு வெட்டியிருக்கறது கூடத் தெரியும். சம்பந்தியம்மா மூக்கெல்லாம் சிவந்து போச்சு. ரெண்டு பேரும் முன் சீட்டுல உட்கார்ந்திருக்காங்க. பின் சீட்டைக் கவனிச்சீங்களா? எத்தனை தாராளமா இருக்குது. அதைக் காட்டறதுக்குத்தான் எடுத்து அனுப்பியிருக்கறா. கெட்டிக்காரி.

சிரிக்கிறா பாருங்க. பல்லெல்லாம் தெரியுது. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க இதைப் பார்த்து. நான் பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ வீட்ல ஒரு பெட்டி நிறைய இருக்குது. ஒண்ணுல கூட அவ பல்லு தெரியாது.

அந்தா, சம்பந்தி வர்றாரு. கையில ரெண்டு காப்பி. பாருங்க, எனக்கும் சேர்த்து வாங்கிட்டு வர்றாரு. முந்தாநாள்ல இருந்து இப்படித்தான். நானும் வாங்கித் தர்றேன், அவரும் வாங்கித் தர்றாரு, ரெண்டு பேருக்கும் தூக்கம் வர்றதில்லை. வாங்க சம்பந்தி, உட்காருங்க. தம்பி நம்மூருக்காரருங்க. இல்லீங்க, நீங்க உட்காருங்க. நான் நிக்கறேன். சரி, ரெண்டு பேரும் நின்னுக்கலாம்.

உங்க வண்டி வந்துருச்சாட்ட இருக்குது தம்பி. வெள்ளைக் காரு. நல்லாக் கழுவியிருக்காங்க. ஒரு தட்டு தட்டிப் பார்த்துச் சொல்லட்டுமா? பொத்தல் இல்லை, எடுத்துக்கலாம்.

என்னங்க, நாங்களுமா? மலைப் பக்கந்தான் போறீங்களா? ரெண்டு பேரும் பின்னாடி உட்கார்ந்துக்கலாமா? சம்பந்தி, தம்பி கூப்புடறாரு. ஆமாங்க, பின் சீட்டு, நேத்து நாம உட்கார்ந்த மாதிரியே, ஒட்டுக்கா. உங்களுக்குச் சம்மதமுங்களா? எனக்குச் சம்மதந்தான். ஏறலாம். நீங்க ஏறுங்க.

என்னது? அட, ஆமாமுங்க. அதை நான் யோசிக்கலை பாருங்க. சம்பந்தி சொல்றதும் சரிதான் தம்பி. நாங்க ரெண்டு பேரும் மொதலாளியாட்டம் பின்னாடி உட்கார்ந்துட்டா, முன்னாடி நீங்க ஒத்தையா டிரைவராட்டம் ஆயிருவீங்களே. படிச்ச புள்ளை. நாளைக்கு உங்க வீட்ல தெரிஞ்சா எங்களை என்ன நெனப்பாங்க? வேண்டாமுங்க. உங்க மனசே போதும். நீங்க கெளம்புங்க.

ஒரே ஒரு உதவி. வழியில அந்தப் பச்சைக் காரைப் பார்த்தீங்கன்னா கொஞ்சம் நிறுத்திச் சொல்லிருங்க. அவசரமில்லை, நிதானமா வரட்டும், நாங்க இன்னும் முடிவு பண்ணலைன்னு சொல்லுங்க. அப்பறம் அந்த நன்னாரி பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்க. சம்பந்திக்குங்க. எனக்கு வேண்டாம், நான் அதெல்லாம் கேட்கறதில்லை.

தம்பி, ஒரு நிமிசம், கண்ணாடியை எறக்குங்க. எனக்கும் ஒரு வாய் வைக்கச் சொல்லுங்க.